புகையால் இறக்காதவள்

என் மனைவி புகையால் இறக்கவில்லை. சர்க்கரை நோய் முற்றி, சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, குளுவாங் மருத்துவமனையில் ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். அது கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வருவதற்கு முந்திய ஆண்டு. எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருக்கும் தொழிற்சாலை வந்தது அந்த ஆணையெல்லாம் நீங்கிய பிறகு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன. இதை யாருக்கும் விளக்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் சென்ற ஆண்டு, ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குப் பிறகு, மாதக்கணக்கில் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் பலருக்கு என் விளக்கம் பிடிக்கவில்லை.

நான் இருப்பது லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, மாடியில்லாத வரிசை வீடுகள் கொண்ட ஒரு சிறிய குடியிருப்பில். என் வீடு கடைசி வரிசை. பின்னால் சாக்கடை, அதற்கப்பால் செம்பனைத் தோட்டம், செம்பனைக்கு மேலே தொழிற்சாலையின் தகரக் கூரை தெரியும். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டமே கைமாறி, பெயரும் மாறிவிட்டது. என்னை மட்டும் தாமானில் இன்னும் கிராணியார் என்றே கூப்பிடுகிறார்கள். ஆள் வந்தாரா வரவில்லையா என்று தினமும் குறித்துக் குறித்துப் பழகிய கை சும்மா இருக்காது. மழை பெய்த நாள், வெள்ளம் வந்த நாள், தாமானில் யார் வீட்டில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு வரலாற்று நூல்களை நிறையப் படித்ததில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது.

அதனால் தொழிற்சாலை வாடை அடித்த நாள்களையும் குறித்தேன். வைகாசி பிறந்ததும் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அப்போதுதான் எங்கள் வரிசைக்குக் கஷ்டம். நான் ரப்பர்ப் பால் வாடையிலும் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டு வாடையிலும் வளர்ந்தவன், எளிதில் மூக்கைச் சுளிக்கிற ஆள் இல்லை. இது வேறு மாதிரி. பழைய வாளியை நெருப்பில் போட்டால் வருகிற வாடைதான், ஆனால் உள்ளே போனதும் தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொள்ளும். காய வைத்த துணியிலும் அது இருக்கும்.

எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், ஓயாமல் பேசுகிறவர், நல்ல மனிதர். நான் எழுதித் தர, அவர் கையெழுத்து வாங்கி, மனுமேல் மனுவாகக் கொடுத்தார். மனு கிடைத்தது என்று பதில் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தாமானில் எங்களைக் கேலி செய்தார்கள். “என்ன கிராணியாரே, இன்னிக்கு வாடை எப்படி? கொஞ்சம் சம்பால் போட்டுத் தொட்டுக்கலாமா?” என்று காய்கறி லாரி அருகே ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். காற்று அவர்கள் பக்கம் வீசாது.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, தலைவர் ஒரு நிருபரை அழைத்து வந்தார். தமிழ் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்புக்கு மனிதர்களைப் பற்றிய கட்டுரைகள் எழுதும் பெண். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தானே காரோட்டி வந்திருந்தார். முதலில் என் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்கள். அங்கே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது, கட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்தவள். வாடை வந்தால் இரும ஆரம்பித்து, மருந்தை உறிஞ்சும் குழாயை வாயில் வைக்கும் வரை நிறுத்த மாட்டாள். சொல்ல வேண்டிய கதை அந்த வீட்டில்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் தாய் வாசற்கதவை முழுதாகத் திறக்கவே இல்லை.

“படம்லாம் வேணாம்க்கா. பேரும் வேணாம். எதுவும் எழுதாதீங்க.”

அவருடைய கணவர் அந்தத் தொழிற்சாலையில்தான் லாரி ஓட்டுகிறார். சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தவர்; எல்லையை மூடியபோது அது போயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலை இது. நிருபருக்கு அது புரிந்தது. வேலியோரம் நின்றிருந்த என்னைத் தலைவர் கைகாட்டினார். “நம்ம கிராணியார் இருக்காரு. தனி ஆளு. பயப்படறதுக்கு அவருக்கு யாரும் இல்ல.” உண்மைதான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். இழப்பதற்கு என்னிடம் வேலையும் இல்லை.

நிருபரை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தேன். வாடைக் குறிப்புகளை எடுத்து நீட்டினேன். மரியாதையாகப் புரட்டிப் பார்த்தார்.

“அங்கிள், இது ரொம்ப முக்கியம் லா. ஆனா இதப் போட்டா மூணாவது வரியிலயே பக்கத்தத் திருப்பிருவாங்க. ஒரு முகம் வேணும்.”

“முகம்தானே? பின்னால வந்து பாருங்க, புகைபோக்கி நல்லா தெரியும்.”

“மனுஷ முகம், அங்கிள்,” என்று சிரித்தார்.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் என்னைப் பற்றி. காலையில் எத்தனை மணிக்கு எழுவேன், தனியாகச் சாப்பிடும்போது தொலைக்காட்சி ஓடுமா, ஜன்னலை எப்போது சாத்துவேன், சுவரில் இருக்கும் அம்மா யார். கடைசிக் கேள்விக்கு மட்டும் நீண்ட நேரம் பதில் சொன்னேன். எப்போது நோய் தெரிந்தது, எப்போது டயாலிசிஸ் தொடங்கியது, எப்போது இறந்தாள் என்று நாள், கிழமை எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. இரண்டு கோப்பைகளைக் கழுவ வேண்டியிருந்தது எனக்குப் புதிதாக இருந்தது.

போகும் முன் படம் எடுத்தபோது என்னை மனைவியின் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சந்தன மாலை தெரிய வேண்டும் என்றார். “கேமராவப் பாக்காதீங்க அங்கிள். அப்படியே ஜன்னல் பக்கம்.” அவர் சொன்ன இடத்தைப் பார்த்தேன். அச்சில் வந்தபோது நான் யாரோ வருவார்கள் என்று காத்திருப்பது போல இருந்தது.

அடுத்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, அரைப் பக்கத்துக்கு வந்தது. தலைப்பு: புகைக்குள் ஒரு தனிமரம். முதல் பத்தியில் நான் ஜன்னல்களைச் சாத்துகிறேன். அடுத்த பத்தியில், அன்பு மனைவியை இழந்து தனித்து வாழ்கிறேன். அதற்கடுத்த பத்தியில், பிளாஸ்டிக் புகை உடலின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். நான் சொன்ன கிழமையும் ஆண்டும் எங்கேயும் இல்லை.

அன்று மாலையே நிருபருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“எந்த வரி தப்பு, அங்கிள்? சொல்லுங்க, நான் எடிட்டர்கிட்ட பேசறேன்.”

பத்திரிகை மடியில் இருந்தது. மறுபடியும் முழுவதும் படித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். ஜன்னலைச் சாத்துவது உண்மை, மனைவி இறந்தது உண்மை, மருத்துவர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

“ஒவ்வொண்ணும் சரிதான்மா. பக்கத்துல பக்கத்துல வச்சதுதான் சரியில்ல.”

“அதுக்கு எப்படி அங்கிள் திருத்தம் போடறது?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு கட்டுரை என் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. யாரோ படத்தை மட்டும் வெட்டி முகநூலில் போட்டார்கள். அடியில், மனைவியைப் புகைக்குப் பறிகொடுத்தவர் என்று எழுதியிருந்தது. ஒரு மலாய் இணையத்தளம் அதைப் பார்த்து, முதியவரின் மனைவி தொழிற்சாலைப் புகையால் இறந்தார் என்று நேராகவே எழுதியது. பத்து நாளுக்குள் ஓர் அரசியல்வாதி தொழிற்சாலை வாசலில் ஒலிபெருக்கியோடு நின்று, “ஓர் உயிர் போயிருக்கிறது, இன்னும் எத்தனை உயிர் வேண்டும்?” என்று கேட்டார். பழைய நூல்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவர் ‘என்று சொல்லப்படுகிறது’ என்று எழுதுவார், அடுத்தவர் அதை ‘என்பர்’ என்று சுருக்குவார், மூன்றாமவர் அதையும் விட்டுவிடுவார். அது நடக்க நூறு ஆண்டுகள் ஆகும் என்று எண்ணியிருந்தேன்.

மகன் கூப்பிட்டான்.

“அப்பா, என் சூப்பர்வைசர் கையப் பிடிச்சி சாரி சொல்றாரு. எதுக்குன்னு கேட்டா, அம்மாவப் புகை கொன்னுருச்சாம். நான் என்ன சொல்ல?”

“உண்மையச் சொல்லு.”

“சொன்னேன். அப்ப உங்கப்பா பொய் சொல்றாரான்னு கேக்கறாரு. அந்தப் படத்துக்குக் கீழ கமெண்ட்லாம் படிச்சீங்களா? பெத்தவரத் தனியா விட்ட நாயின்னு என்னைய எழுதியிருக்காங்க.”

“எழுதினவன் எந்த ஊர்க்காரன்?”

“அதுவாப்பா இப்ப முக்கியம்?”

நானும் படித்தேன், எல்லாவற்றையும். நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் என் மகனைத் திட்டினார்கள். சிலர் என்னைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். தொழிற்சாலையை மூடினால் வேலைக்கு எங்கே போவது என்று சிலர்; அவர்களுக்கு மனசாட்சி இல்லையா என்று வேறு சிலர். அந்தப் புகையில் என்ன இருக்கிறது, என்ன எரிக்கிறார்கள், எவ்வளவு தூரம் போகிறது என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாங்கள் எழுதிய மனுவெல்லாம் செய்யாததை அந்தப் படம் செய்தது. அதிகாரிகள் வந்தார்கள். தொழிற்சாலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன் குடியிருப்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசுவதாக அறிவித்தார்கள். காற்று தென்மேற்கிலிருந்து வீசியும் வாடை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை வெளியே மிதிவண்டி ஓட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கவில்லை.

என் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். கோயில் கமிட்டியினர், இளைஞர் மன்றத்தினர், முன்பின் தெரியாதவர்கள். ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்து, படத்துக்கு முன் நின்று கும்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: இது சிறுநீரக நோய், அப்போது தொழிற்சாலை கிடையாது. குளுவாங்கிலிருந்து வந்த ஓர் அம்மா என் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, “பரவால்லங்க ஐயா. அவங்க மிரட்டறாங்கன்னு புரியுது. எங்ககிட்ட நீங்க தைரியமா சொல்லலாம்” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவருடைய சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போயிற்று.

இத்தனை பேர் வந்துபோன அந்த வாரங்களில்தான் நான் மிகவும் தனியாக இருந்தேன். அவர்கள் துக்கம் விசாரித்தது வேறு யாருக்கோ. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் குளுவாங்குக்கு வேனில் போன ஆண்டுகள் இருந்தன. நான்கு மணி நேரம் அவள் நாற்காலியில் சாய்ந்திருப்பாள்; சிவப்புக் குழாய் சுற்றுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் புத்தகத்தைப் பார்ப்பேன். பக்கத்து நாற்காலி மலாய்க்கார அம்மாளோடு அவள் சமையல் பேசுவாள், இருவரும் சாப்பிடக்கூடாத பண்டங்களாகப் பார்த்து. ஒரு நாள் அந்த அம்மாளின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். இதெல்லாம் நடந்தது. புகையால் இறந்தவளுக்கு இதில் ஒன்றும் நடந்திருக்காது. என் மனைவியின் சாவுக்கு எதிரி என்று யாரும் இல்லை; கோபப்பட ஆள் இல்லாத சாவு அது. அதனால்தான் ஊருக்கு அது போதவில்லை.

ஆடி நெருங்கியது. இங்கே எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் நினைவு நாளில் நாளிதழில் படத்தோடு நினைவஞ்சலி போடுவோம். மேலே எத்தனையாம் ஆண்டு என்று பெரிதாக இருக்கும். படத்துக்கு ஒரு பக்கம் தோற்றம் என்று பிறந்த தேதி, மறு பக்கம் மறைவு என்று இறந்த தேதி. காலையில் பத்திரிகை வாங்குகிற பலர் முதலில் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான். அவளுக்கு ஓர் ஆண்டும் விடாமல் போட்டிருக்கிறேன். இந்த முறை ஆறாம் ஆண்டு.

ஒரு மாலை, தலைவர் பட்டறை உடுப்போடு வந்து உட்கார்ந்தார். கிரீஸ் படியாமல் இருக்க நாற்காலியில் பழைய தாளை விரித்துக்கொண்டார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அண்ணி நினைவு நாள் வருதுல்ல. பேப்பர்ல போடுவீங்களே.”

“வருஷா வருஷம் போடறதுதானே.”

“போடுங்க. வேணாங்கல. அந்த ஆறாம் ஆண்டுங்கறத மட்டும் எடுத்துருங்க. தேதியும் வேணாம். சும்மா நினைவஞ்சலின்னு போடுங்க, படம் அழகா வரட்டும்.”

“தேதி இல்லாம நினைவு நாளா?”

“லைசென்ஸ் கூட்டம் அதே வாரம்ணே. ஃபேக்டரி ஆபீஸ்லயும் நம்ம தமிழ் ஆளுங்க இருக்காங்க, அவங்களும் பேப்பர் படிப்பாங்க. நாம யாருகிட்டயும் பொய் சொல்லல. அவங்களா நெனச்சிக்கிட்டாங்க. நெனைக்கட்டும் லா.”

“என் பொண்டாட்டி என்ன, உங்க சங்கத்து பேனரா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து, விரித்த தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். “செத்தவங்களுக்கு ஒரு வருஷம் தேதி இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுண்ணே. பக்கத்து வீட்டுப் பாப்பா இருமறது உங்களுக்குத்தானே சுவத்துல கேக்கும்?”

சில நாள் அதையே யோசித்தேன். அவர் கேட்டது அநியாயமாகத் தோன்றவில்லை. ஓர் ஆண்டுக் கணக்கையும் இரண்டு தேதிகளையும் எடுத்துவிட்டால் ஒரு குழந்தைக்கு மூச்சு விட வழி கிடைக்கலாம் என்றால், எடுக்க மாட்டேன் என்கிறவன் எப்படிப்பட்ட ஆள்? ஆனால் அவளைப் பற்றி அச்சில் இருப்பதில் அந்தச் சின்னக் கட்டம் ஒன்றுதான் சரியாக இருந்தது. அவளைப் பற்றிப் பின்னால் யாராவது தேடினால், மகனின் பிள்ளைகள் தேடினால், மற்றதெல்லாம் புகையென்றே சொல்லும். மேலும், அந்தப் பொய்யின்மேல் லைசென்ஸ் நின்றுபோனால், பொய் தெரியவரும் அன்று மறுபடி வந்துவிடும். பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இதையெல்லாம் தலைவரிடம் போய்ச் சொன்னேன். “அப்ப வரப்போ பாத்துக்கலாம்ணே” என்று சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

குளுவாங்கில் விளம்பரம் வாங்கும் பத்திரிகை ஏஜெண்டிடம் போனேன். பழக்கமானவர். “இந்த வருஷம் பெருசா போடுங்க கிராணியாரே, கலர்ல. அண்ணி இப்ப ஊருக்கே தெரிஞ்சவங்க. மேல, புகைக்குப் பலியானவர்னு ஒரு வரி சேர்க்கவா? அதுக்குத் தனியா வாங்க மாட்டேன்.”

“எப்பவும் போடறதுதான்,” என்றேன். “எழுத்து மாறாம.”

புதன்கிழமை விளம்பரம் வந்தது. ஆறாம் ஆண்டு, தோற்றம், மறைவு, எல்லாம் சரியாக இருந்தன. தாமானில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று கடையில் ஒருவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை, பாலாய் ராயாவில், அதாவது ஊர் மண்டபத்தில், கூட்டம். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். தலைவர் நன்றாகத்தான் பேசினார். பிறகு தொழிற்சாலை நிர்வாகி எழுந்து, பத்திரிகையிலிருந்து வெட்டிய தாளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தார். கோபமே இல்லாமல் மலாயில் சொன்னார்: இந்த அம்மையார் இறந்தபோது எங்கள் இடத்தில் செம்பனை நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்ல முன்னால் வந்தது. தலைவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அதிகாரி, அந்தக் கணவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். எழுந்தேன். அவர் சொல்வது சரி என்றேன். என் மனைவி சிறுநீரக நோயால் இறந்தார், யாரையும் குற்றம் சொல்லி நான் பேசியதில்லை, ஆனால் வாடை உண்மை, தொழிற்சாலை ஓடிய நாளெல்லாம் நான் அதை மோந்தவன் என்றேன். மோப்பம் பிடிக்கிற வேலைக்கு ஆள் தேவையா என்று யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு.

வேறு யாருக்காவது உடல்நலப் பாதிப்பு உண்டா என்று அதிகாரி கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வரிசையில், தாயின் மடியில் இருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினாள். நீண்ட இருமல். தாய் அவளுடைய முதுகைத் தடவினார், தலை நிமிரவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. நான் கைகாட்டியிருந்தால் போதும், மண்டபம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், மறுநாள் அந்தக் குழந்தையின் முகம் எல்லாக் கைப்பேசியிலும் இருந்திருக்கும். நான் உட்கார்ந்தேன்.

காற்றை அளக்கும் கருவி ஒன்றைச் சில மாதங்கள் வைத்துப் பார்ப்பதாகவும், அதுவரை தொழிற்சாலை ஓடலாம் என்றும் முடிவாயிற்று. வாசலில் நிருபரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவரிடமிருந்து குறுஞ்செய்தி: “சாரி அங்கிள். கருவி வைக்கறதுல கதை இல்லன்னு எடிட்டர் சொல்றாரு.”

ஆரஞ்சு கொண்டுவந்தவர்கள் பிறகு வரவில்லை. தலைவர் என்னை வாட்சாப் குழுவிலிருந்து நீக்கவில்லை. நான் எதையாவது போட்டால் யாரும் பதில் போடுவதில்லை, அவ்வளவுதான். கருவியை எங்கள் பின்சந்தில் ஒரு கம்பத்தில் மாட்டினார்கள். அது என்ன காட்டுகிறது என்று எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. வாடை திரும்பிவிட்டது. சுவரில் இருமலும்.

ஒரு காலை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்தார். கணவரின் லாரி போய்விட்டதா என்று சந்துப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வேலியருகே வந்தார்.

“அங்கிள், அன்னிக்கு நான் எந்திரிச்சிருக்கணும்.”

“வேணாம்மா. விடுங்க.”

ஒரு சட்டையை உதறிப் போட்டார். போகாமல் நின்றார்.

“பேப்பர்ல ஆன்டி படம் பாத்தேன். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல எங்க மாமியாரோட தம்பி கடையில டீ, மைலோன்னு தண்ணி கலக்கிட்டு இருந்தேன். டயாலிசிஸ் சென்டருக்குக் கீழ. ஆன்டி வருவாங்க.”

“கடைக்கா?”

“நீங்க மேல கையெழுத்துப் போட்டுட்டு எறங்கறதுக்குள்ள. ஐஸ் கேப்பாங்க. ஒரு கிளாஸ் நெறையா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று குவளையில் கோடு போட்டு அளந்து கொடுத்தவன் நான். ஐஸும் நீர்க்கணக்கில் சேரும் என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சரி, சரி என்பாள்.

“எத்தன தடவ வந்திருப்பா?”

“அலமாக், அதெல்லாம் யாரு எண்ணுனா அங்கிள்? வாரத்துக்கு ஒருக்கா இருக்கும். ரெண்டு தடவயும் இருக்கும்.” பிறகு சிரித்தார். “நாள் கெழமலாம் கேட்டு எழுதிக்கப் போறீங்க, அதானே?”

“இல்ல,” என்றேன். “வாயில போட்டுக் கரைய விடுவாளா, மெல்லுவாளா?”

“மெல்லுவாங்க அங்கிள். நல்லா சத்தமா.”